சிவப்புக் கொடிக்கு அப்பால்

“துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் விழணும். விழுந்தவன் எழுந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை” என்றான் மேஸ்திரி இத்ரீஸ்.

ஒட்டுப்போட்ட வெள்ளை அங்கியும் ஈட்டியுமாக நின்ற கூட்டம் சிரித்தது. நாற்பது வருடங்களுக்கு முன் சூடானின் இதே கராரி மணலில் வெள்ளைக்காரப் படையோடு நடந்த சண்டையை, லண்டனிலிருந்து வந்தவர்கள் சினிமாவாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கதை என்னப்பா?” என்று கேட்டார் ஹம்தான். அறுபதைத் தாண்டியவர். அந்த நிஜச் சண்டையிலும் இருந்தவர்.

“ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குப் பயந்தாங்கொள்ளின்னு கெட்ட பேரு. அதைத் துடைக்க இங்க வந்து வீரம் காட்டறான்.”

“அவன் பேரைத் துடைக்க நாங்க சாகணுமா?”

“பேரைப் பத்தி நீ பேசாதடா” என்றார் அவருடைய வயதுக்காரரான தாவூத். கூட்டம் மறுபடி சிரித்தது.

இத்ரீஸ் வெளியூர்க்காரன். அவனுக்குப் புரியவில்லை. தாவூத், ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிழவியைக் காட்டினார்.

“அவ கல்தூமா. எங்க ஹக்காமா. சண்டைக்குப் போறவங்களைப் பாடி அனுப்புவா. திரும்பி வந்தவங்களையும் பாடுவா. ‘ஈட்டியைப் போட்டான், இருட்டுமுன் வந்தான் ஹம்தான்’னு அன்னைக்குப் பாடினா. இங்க பால்குடி மறக்காததுகூட அதைப் பாடும்.”

“மாத்திப் பாடச் சொல்றதுதானே?”

“பாடினவதான் மாத்த முடியும். அவ லேசுல மாத்தறவ இல்ல.”

ஹம்தான் ஒட்டகத்தின் அருகே போய் நின்றார். “ஏ கல்தூமா, இன்னைக்கு எதிர்ல நிறுத்தியிருக்கற அந்த வெள்ளைக்காரப் பீரங்கியைத் தொட்டுட்டா என் பேரைப் பாட்டுல இருந்து எடுப்பியா?”

“சினிமா பீரங்கி கணக்குல வருமாடா?” என்றார் தாவூத்.

கல்தூமா இத்ரீஸைப் பார்த்தாள். “சிவப்புக் கொடிக்கு அந்தப் பக்கம் என்னமோ புதைச்சீங்களே?”

“வெடி. அது நிஜம். ஆளைத் தூக்கிடும். பெரியவரே, கொடியைத் தாண்டாதீங்க.”

“அப்ப கணக்குல வரும்” என்றாள் கல்தூமா.

படமெடுக்கும் துரை கையசைத்தார். முரசு அதிர்ந்தது. கல்தூமா குரலெடுத்துப் பாட, கூட்டம் பாய்ந்தது. முதல் சத்தத்திலேயே ஹம்தான் விழுந்தார். மற்றவர்களுக்கு முன்பே அவர் மணலில் கிடந்தார்.

“பழக்கம் விடலை போல” என்றாள் கல்தூமா.

கேமராவைப் புகை மறைத்துவிட்டது, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார் துரை.

இந்த முறை எல்லோரும் விழுந்தார்கள். ஹம்தான் விழவில்லை.

“விழுடா” என்று செத்துக் கிடந்த தாவூத் கத்தினார். ஹம்தான் கொடியைத் தாண்டினார். வலப்பக்கம் மண் பிளந்து எழுந்தது. தலைப்பாகை பறந்தது. புகைக்குள் அவர் மறைந்தபோது இத்ரீஸ் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது, அவர் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தார். போய்ப் பீரங்கிக் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்தார். அதன் பின்னால் நின்ற சிப்பாய், நடிப்பு என்பதை மறந்து இரண்டடி பின்வாங்கினான்.

துரை ஓடிவந்து ஏதோ சொன்னார்.

“பிரமாதமாம். ஆனா கடைசியில நீங்க விழுந்தாகணுமாம். இன்னொரு தடவை போகணுமாம்” என்றான் இத்ரீஸ்.

“இனிமே விழ மாட்டேன்னு சொல்லு.”

செத்தவர்கள் எல்லோரும் எழுந்து ஒட்டகத்தையே பார்த்தார்கள். கல்தூமா ஒட்டகத்தின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பாடினாள்.

“மண்ணு வெடிச்சுது, மார்பு சாயல, பீரங்கி தொட்டு வந்தான் ஹம்தான்.”

முதலில் அதைத் திருப்பிப் பாடியவர் தாவூத்தான். பிறகு மொத்தப் படையும் பாடியது. துரை நிறுத்தச் சொல்லிக் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கூட்டம் கலைந்ததும் கல்தூமா ஒட்டகத்தை மண்டியிட வைத்தாள். “ஏறு” என்றாள்.

ஹம்தான் ஏறவில்லை. “நாப்பது வருஷமாப் பாடினியே. அன்னைக்கு நான் எங்க ஓடினேன்னு ஒரு அடிகூடப் பாடலையே?”

“கையில மருதாணி அழியாத பொண்டாட்டியைத் தேடி ஓடி வந்தான்னு பாடியிருந்தா, என் பேருல்ல கெட்டிருக்கும்?” என்று சொல்லி, தன் புருஷன் உட்கார இடம் விட்டு நகர்ந்தாள் கல்தூமா.