அப்பாதுரையின் இரண்டு படங்கள்

“அப்பாவுக்குப் படத்திறப்பு பண்றோமா, இல்ல மல்லாட்டைக்கு விளம்பரம் பண்றோமா?”

பவானி கேட்டதிலும் நியாயம் இருந்தது. அம்மா சித்ரா எடுத்து நீட்டிய படத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்க்கடலைக் குவியல் மேல் உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் அப்பாதுரை.

“நல்லாத்தானே கீறாரு?” என்றாள் சித்ரா.

“கார்கில் சண்டைக்குப் போய் மெடல் வாங்கினவரும்மா! பீரோவுல உடுப்புப் படம் தூங்கிக்கினு கெடக்குது. அதைப் பெருசு பண்ணி வெச்சா என்ன?”

“வேணாம்.”

“அதான், ஏன் வேணாம்?”

“வேணாம்னா வேணாம்டி.”

“காரணம் சொல்லு.”

“அதெல்லாம் நாளைக்கு கோர்ட்டுல நின்னு கேளு. எங்கிட்ட கேக்காத.”

விழுப்புரத்தில் சட்டம் படிக்கிற பெண்ணிடம் இப்படிச் சொன்னால் சும்மா இருப்பாளா?

அவளுக்கு இது இன்று நேற்று வந்த கோபமில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய அப்பா, விடியலில் கழனி, பகலெல்லாம் வாடகைக்கு டிராக்டர், கரண்டு வருகிற நேரத்துக்கு மோட்டார் கொட்டாய் என்று ஓடிய ஓட்டத்தில்தான் இந்த வீடு நிமிர்ந்தது. அவள் கையில் சட்டப் புத்தகம் வந்தது. ஆனால் கிளியனூரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ‘டிராக்டர்காரர் பொண்ணு’ என்றுதான் சொல்வார்கள்.

சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால், “கழனியில வேலை கீது சார்” என்று அப்பா நழுவிவிடுவார். வண்டியில் ‘ஆர்மி’ என்று ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது.

எல்லாம் அம்மா பண்ணின வேலை. அவளுக்குப் பட்டாளம் என்றாலே ஆகாது. மனுஷன் உயிரோடு இருந்தபோதுதான் மார்நிமிர்த்த விடவில்லை. போன பிறகும் துண்டுதானா?

பவானி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

போன வருஷம் கருமாதியன்று புயல்மழையில் ஊரே மிதந்ததால் படத்திறப்பு நடக்கவில்லை. அதை இந்த முதல் வருஷ நினைவு நாளில் வைத்திருந்தார்கள். திண்டிவனம் ஸ்டுடியோவில் எந்தப் படத்தைக் கொடுத்தாள் என்பது பவானிக்கும் ஸ்டுடியோக்காரருக்கும் மட்டுமே தெரியும். பிரேம் போட்டதும் வெள்ளைத் துணியால் மூடி எடுத்துவந்து, பந்தலில் தானே மாட்டினாள். யாரையும் கிட்டே அண்டவிடவில்லை.

பெரியப்பா நடராசன் மைக்கைப் பிடித்தார்.

“அடுத்ததா, நம்ம ஊராட்சித் தலைவர் படத்தைத் திறந்து வைப்பாரு...”

“மாமா, கொஞ்சம் இருங்க.” சித்ரா எழுந்தாள். “படத்தை இவங்க தொறக்கட்டும்.”

கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவியைக் கைபிடித்து அழைத்து வந்தாள். மரக்காணம் வெள்ளையம்மாள். பொங்கலுக்குப் பொங்கல் அப்பா ஒரு மூட்டை மல்லாட்டையோடு மீனவர் குப்பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாரே, அந்த ஆயா.

“தலைவரை நிக்க வெச்சிட்டு, பாருய்யா கூத்தை” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

பவானிக்கும் சுருக்கென்றது. அம்மாவின் காதில் சீறினாள்.

“இவங்க எந்த முறையில தொறக்கிறாங்க? சொந்தமா, பந்தமா? இதுக்காவது காரணம் சொல்லு.”

இந்தத் தடவை அம்மா சொன்னாள்.

“அவங்களுக்கு நெடுஞ்செழியன்னு ஒரே புள்ள. அவனும் உங்கப்பாவும் ஒரே யூனிட்டு. ஒண்ணாத்தான் மலையேறினாங்க. உங்கப்பா நடந்து எறங்கினாரு. அவன் பொட்டியில வந்தான்.”

பவானி கிழவியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அன்னையிலேர்ந்து உங்கப்பா லீவுல வந்தாக்கூட இந்தப் பக்கம் உடுப்போட தலைகாட்டினதில்ல. ‘அந்தம்மா என்னை இப்படிப் பாத்தா, எம்புள்ள மட்டும் எங்கடான்னு தோணாதா சித்ரா’ம்பாரு. யாராண்டையும் சொல்லாதன்னு வேற சொல்லிட்டாரு. அதான், அவங்க தொறக்கிறதுக்குத் துண்டு கட்டின படம் போதும்னேன்.”

துணியின் நுனி ஏற்கெனவே கிழவியின் கையில் இருந்தது.

“அம்மா... ஆயாவை நிறுத்தும்மா.”

“ஏன்டி?”

“துணிக்குப் பின்னாடி இருக்கிறது அந்தப் படம் இல்ல...”

அதற்குள் துணி சரிந்து விழுந்தது.

தொப்பியும் மெடலும் முறுக்கு மீசையுமாக, விறைத்து நின்றார் அப்பாதுரை.

சித்ரா தலையில் கைவைத்துக்கொண்டாள். வெள்ளையம்மாள் படத்தையே பார்த்தபடி நின்றாள். பவானி ஓடிப்போய்க் கிழவியின் கையைப் பிடித்தாள்.

“மன்னிச்சிடுங்க ஆயா. எனக்கு எதுவும் தெரியாது. இப்பவே ஜல்தியா மாத்திடறேன்.”

“ஏன், எதுக்கு மாத்தணும்?”

கிழவி முந்தானையால் படத்தின் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தாள்.

“இந்த உடுப்புல இவனை ஒரு தபா பாத்துடணும்னு எனக்கு எம்மா நாளா ஆசை தெரியுமா? பாவம், ஒவ்வொரு தபாவும் லுங்கியில வந்து நிப்பான். எனக்கோசரம் ஒளிச்சு வெக்கிறவன்கிட்ட எப்படிக் கேக்கறது? அவன் மனசு நோவுமேன்னு வுட்டுட்டேன்.”

இரண்டடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பொக்கை வாயில் சிரிப்பு வந்தது.

“கண்ணு, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. எம்புள்ள பக்கத்துல மாட்டணும். செவுத்துல இத்தினி வருஷமா ஒண்டியா நின்னுக்கினு கீறான்.”