மூச்சுக்கு மட்டும்

மைக்கின் முன்னால் நின்று அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு பெண், விண்கலத்தின் உள்சுவரில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். வெகு நேரமாக அதே திருகாணி. திரையில் தோள் உயர்ந்தபோது இவள் மூச்சை இழுத்தாள். தோள் தாழ்ந்தபோது விட்டாள்.

மேலே ஃபேன் நின்றிருந்தது. டேக் ஓடும்போது அதன் முனகல்கூட மைக்கில் விழக் கூடாது. சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரில் சித்திரை மாத மதியம். கழுத்தில் வியர்வை வழிந்தது.

திருகாணி ஒருவழியாக இறுகியது.

ஃபேன் சுற்றத் தொடங்கியது.

சவுண்ட் என்ஜினியர் அருள்தாஸுக்கு ஓகே என்று சொல்லும் பழக்கமே கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே கையை நீட்டி ஸ்விட்சைத் தட்டுவார். காற்று வந்தால் டேக் ஓகே. வராவிட்டால் இன்னொரு தடவை. எத்தனையோ கதாநாயகிகளுக்கு அவள் குரல் கொடுத்த காலத்திலும் இந்தக் காற்றுதான் அவளுக்குக் கிடைத்த பாராட்டு.

அதெல்லாம் தைராய்டு ஆபரேஷனுக்கு முன்னால்.

கட்டியை எடுத்தார்கள். உயிர் பிழைத்தாள். குரல்தான் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஆகிவிட்டது. போனில் அவள் ஹலோ சொன்னால், "சொல்லுங்க சார்" என்றார்கள்.

அவள் போன் எடுப்பதையே விட்டுவிட்டாள்.

அதனால்தான் அருள்தாஸ் வீட்டுக்கே வந்தார்.

"பேச்சே இல்லாத படம்மா. விண்வெளியில ஒரே ஒரு பொம்பள. கப்பலும் நகராது, கதையும் நகராது. சும்மா வந்து மூச்சு விட்டுட்டுப் போங்க."

நடித்த பெண்ணுக்குத் தமிழ் வராது. மூச்சு விடத் தமிழ் வேண்டாம்தான். ஆனால் அதற்கும் அந்தப் பெண்ணின் கால்ஷீட் வேண்டுமே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பிங்கில் அவள் முதலில் கற்றுக்கொண்டதே மூச்சை ஒளிப்பதைத்தான். வசனத்துக்கு நடுவே முகத்தை லேசாகத் திருப்பி, மைக்குக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக இழுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை இப்போது கேட்கிறார்கள்.

கேட்கிறார்களே, அதுவே பெரிது என்று வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் தெரிந்தது. பேச்சே இல்லாத படத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. கடைசிக் காட்சியில்.

இயக்குநர் குமணன் தாடிக்குள் சங்கடமாகச் சிரித்தான். "அதுவரைக்கும் நீங்க மூச்சு குடுங்க மேடம். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் வேற பொண்ணு வந்திருக்கு."

வேறு பெண் வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க். காலையில் அவள் சொன்ன வணக்கம் மணி அடித்த மாதிரி இருந்தது. நல்ல பெண். கோபப்படக்கூட முடியவில்லை.

பொறாமைப்பட முடிந்தது.

படம் ஊர்ந்தது. விண்கலத்துப் பெண் சாப்பிட்டாள். தூங்கினாள். ஜன்னலில் படிந்த தன் மூச்சைத் தானே துடைத்தாள். வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்த ரேடியோவை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். அருள்தாஸ் கொட்டாவி விட்டார்.

அவளுக்கு மட்டும் அலுக்கவில்லை. பேச ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஃபேன் நின்றது. கடைசிக் காட்சி.

திரையில் ரேடியோ கரகரத்தது. பூமியிலிருந்து யாரோ.

"யாராவது இருக்கீங்களா?"

விண்கலத்துப் பெண்ணின் கை அப்படியே நின்றது. அவள் மூச்சு நின்றது. இவளும் நிறுத்தினாள். வேலை முடிந்தது. இனி மைக்கை விட்டு விலகிக்கொள்ள வேண்டும்.

திரையில் உதடுகள் பிரிந்தன.

"இருக்கேன்."

இவள் வாயிலிருந்து வந்துவிட்டது. பாதி காற்று, பாதி கரகரப்பு. நடுவில் உடைந்து, எப்படியோ கரையேறி.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவள் சிவப்பு விளக்கைப் பார்த்து மூடிக்கொண்டாள். டேக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றவில்லை.

குமணன் குனிந்து அருள்தாஸிடம் ஏதோ சொன்னான். படம் பின்னால் போனது. ஹெட்ஃபோனில் மறுபடியும் ரேடியோ. மறுபடியும் அந்தக் கேள்வி. மூச்சு நிற்கிறது.

பிறகு யாரோ பேசினார்கள்.

யார் இது?

வெகு காலமாக யாரிடமும் பேசாத ஒருத்தி. பேசினால் வருமா என்றே தெரியாமல் பேசுகிறவள். ஒரு கணம் அவள் அதைத் திரையில் இருப்பவளின் குரல் என்றே நினைத்துவிட்டாள்.

குமணன் எழுந்தான். கதவைத் திறந்துகொண்டு பெஞ்சுப் பக்கம் போனான்.

கூப்பிடத்தான் போகிறான். கூப்பிடட்டும். அது அந்தப் பெண்ணுக்கென்று வைத்திருந்த வார்த்தை. ஆனாலும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். போதவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். கைப்பையை எடுக்கக் குனிந்தாள்.

வியர்த்த கழுத்தில் மேலிருந்து காற்று பட்டது.