ஒரே பக்கத்தில் இரண்டு கண்கள்

அலாஸ்காவில் மழை விட்ட காலை. முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி, ஓர்வில் கிழவர் அந்த ஹாலிபட் மீனைப் படகோரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். பெயர்த்துப் போட்ட கதவுபோல் தட்டையாக, பழுப்பாக, நீர்மட்டத்தில் அசையாமல் கிடக்கிறது. இவ்வளவு பெரியதை உயிரோடு ஏற்றினால் துள்ளித் துள்ளி ஆட்களின் காலை முறித்துவிடும். அதனால் முதலில் ஈட்டி. படகில் வேலை பார்க்கும் நான் அதை ஓங்கியபடி நிற்கிறேன். "குத்தட்டுமா ஓர்வில்?" கேப்டன் டார்லீன் படகின் வெளிப்புறம் தீட்டியிருக்கும் அளவுக்கோடுகளை எட்டிப் பார்க்கிறாள். "ஆறரை அடி. பதினோரு வருஷமா வந்து பெருசு வேணும், பெருசு வேணும்னு உயிரை எடுத்தீங்கள்ல, பாத்துக்கோங்க. பொம்பளை. ஆம்பளை இந்த அளவுக்கு வளராது." "வயித்துல முட்டை இருக்குமா?" கிழவர் கேட்கிறார். "இப்ப இருக்காது. குளிர்காலத்துல ஆழத்துக்குப் போய் லட்சக்கணக்குல விடுவா. உங்க மீன், நீங்க சொல்லுங்க." ஓர்வில் குனிகிறார். குஞ்சாக இருந்தபோது பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கண்கள். அதில் ஒன்று நகர்ந்து வந்து, இப்போது இரண்டும் மேல்பக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டும் அவரையே பார்க்கின்றன. என் தோள் கடுக்கிறது. "என் பொண்டாட்டி நம்பமாட்டா," என்கிறார். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமே," என்கிறாள் டார்லீன். "வேணாம். தூண்டில் நரம்பை அறுத்து விட்டுடு." நரம்பில் என் கத்தி பட்டதும் மீன் ஒரு கணம் அப்படியே கிடக்கிறது, பிறகு பச்சை நீருக்குள் சரிகிறது. தூண்டில் கம்பு சட்டென்று நிமிர்ந்துகொள்கிறது. ஓர்விலின் முதுகுதான் இன்னும் வளைந்தே இருக்கிறது.