வேகத்தில் கை வைத்தது யார்?

களிமண் தூள் கலந்து உருக்கி வார்த்த பிளாஸ்டிக் பட்டை, மேனேஜர் வளைத்ததுமே பட்டென்று முறிந்தது.

"தூளை ஒழுங்காக் கலக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஆபரேட்டரா?" என்று எல்லார் முன்னாலும் எகிறினார்.

"தூள் நல்லாத்தான் கலந்திருக்கு சார்," என்றாள் சோதனைக்கூடப் பெண். "மெஷினைக் கண்டபடி வேகமா ஓட்டியிருக்காங்க. அந்த உரசல் சூடு தாங்காம பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளயே அறுந்துபோச்சு."

"வேகத்துல எவன்யா கை வச்சான்?"

ஆபரேட்டர் நெருங்கி வந்து, அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னார்.

"நேத்து உங்க மாமனாருக்கு மெஷினை ஓட்டிக் காட்டினப்ப நீங்கதான் சார் வேகத்தை ஏத்தினீங்க. 'நான் வச்சதை எவனும் தொடக்கூடாது'ன்னும் சொன்னீங்க."



"யாராம் சார்?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தாம்மா," என்று ஆபரேட்டர் முந்திக்கொண்டார்.

மேனேஜரால் அதை மறுக்கவும் முடியவில்லை, அவரை ஏறிட்டுப் பார்க்கவும் முடியவில்லை.