எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை காலை ஏழு பத்துக்கு ஞானசேகரன் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றி மனைவி வேதவல்லிக்குக் கட்டினார். அறுபத்தைந்து தாண்டிய ஆண்களுக்கு மட்டும் அரசு கொடுத்த பட்டை அது. வயிற்றின் பெருந்தமனி வெடிக்கப்போவதை முன்பே சொல்லும். சும்மா கழற்றி வைத்தால் போனில் திட்டுவார்கள்.

"எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வாங்கிக்கிறேன்."

அவர் தலையில் தண்ணீர் ஊற்றும்போது பட்டை அலறியது. ஐந்து நிமிடத்தில் வந்த அறுவை சிகிச்சை வண்டிக்காரர்கள் ஈரத்தோடு அவரைத் தூக்கினார்கள்.

"நானில்ல டாக்டர்! பட்டை அவ இடுப்புல!"

அவரை இறக்கிவிட்டு வேதவல்லியைத் தூக்கிப் போனார்கள். அவள் தமனி அறுவை சிகிச்சை மேசையில்தான் வெடித்தது. உடனே தைத்துவிட்டார்கள்.

மாலையில் வேதவல்லி கண் விழித்தாள். எண்ணெய்த் தலையோடு அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

"ஏங்க, எதிர்வீட்டு அமிர்தத்துக்கு வீட்ல ஆம்பளையே இல்லையே. அவளுக்கு யாருங்க கட்டிவிடுவா?"