திரைச்சீலை வாத்தியார்

இணையவழி நோர்வேஜிய வகுப்பின் வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் மரியரஞ்சனிக்கு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை.

"பயப்பிடாதையும். முப்பது வருசமா ஒஸ்லோவிலை இருக்கிறன். விடையளை நான் சொல்லித்தாறன்" என்று கணவர் அருட்செல்வம் கமெராவுக்குத் தெரியாமல் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஒவ்வொரு கேள்விக்கும் அங்கிருந்து கிசுகிசுப்பு வந்தது. மரியரஞ்சனி கமெராவை விட்டுக் கண்ணெடுக்காமல் பதில் சொன்னார்.

கடைசியில் ஆசிரியை சிரித்தபடி நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "தேறிவிட்டீர்கள். பின்னாலிருந்து வந்த விடைகளில் ஒன்றைச் சொல்லியிருந்தாலும் தோற்றிருப்பீர்கள். அவரை எங்கள் ஆரம்ப வகுப்பில் சேரச் சொல்லுங்கள்."

கணினியை மூடியதும் அருட்செல்வம் வெளியே பாய்ந்தார்.

"கடைசியா என்னைப் பற்றியும் ஏதோ சொன்னவ போலை?"

"ஓம். உங்களையும் வகுப்புக்கு வரட்டாம்."

"எப்பவிருந்து நான் படிப்பிக்கோணுமாம்?"