தூக்கம் திரும்பக் கேட்டு விண்ணப்பம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லூர்துராஜ், இரவும் பகலும் வேலை செய்வதற்காகத் தன் தூக்கத்தை நிறுத்திவைக்க நிறுவனத்துக்குச் சம்மதம் கொடுத்து இருபத்திரண்டு நாட்கள் ஆகியிருந்தன. தூக்கத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் அவரே தெளிந்த மனநிலையில் வாய் திறந்து கேட்க வேண்டும் என்பது விதி. மனைவி ஜெசிந்தா காலையிலேயே அவரை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்து வந்துவிட்டாள்.

வழியெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தாள். "தூக்கம் வேணும்னு மட்டும் சொல்லுங்க. வேற கதை பேசாதீங்க."

அலுவலர் பெயரைக் கேட்டார். லூர்துராஜ் சரியாகச் சொன்னார். கிழமையைக் கேட்டபோதும் தவறவில்லை. ஜெசிந்தாவுக்கு மூச்சு வந்தது.

"தூக்கம் திரும்ப வேணுமா?"

லூர்துராஜ் மேசை மேல் குனிந்து ரகசியம்போலச் சொன்னார்: "இப்ப தூங்கிட்டுதானே சார் இருக்கேன். நல்ல கனவு. பொஞ்சாதிகூட வந்திருக்கா. எழுப்பிவிட்டுராதீங்க."

"சார், அவருக்கு வேணும் சார்! கண்ணைப் பாருங்க!"

"நீங்க சொன்னா செல்லாதும்மா."

அலுவலர் 'விருப்பமில்லை' என்று பதிந்தார். இனி அடுத்த மாதம்தான் விண்ணப்பிக்க முடியும்.

ஜெசிந்தா கணவரின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். கண்ணே மூடாத அந்த மனிதரிடம், "முழிச்சுக்கோங்க, முழிச்சுக்கோங்க" என்று கெஞ்சினாள்.